அறுபதில் நின்ற முள்

"பழச வாங்குனா மெக்கானிக்குக்குச் சோறு போடணும், மாமி. புதுச வாங்குனா பெட்ரோல் பங்க்காரனுக்குச் சோறு போடணும். எப்படிப் பாத்தாலும் நாம பட்டினிதான்."

"நாம எதையும் வாங்கப் போறதில்லே."

"அது நமக்குத் தெரியும். அந்தாளுக்குத் தெரியாதுல்லா? ரெண்டுல எது வேணும்னு கேட்டாம்னா என்ன சொல்ல?"

"யோசிக்கணும்னு சொல்லு. அப்புறம், மாமின்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்லியாச்சு? மிஸ் அபயாம்பாள்."

"சரி, மிஸ் மாமி."

அபயாம்பாள் அய்யாத்துரையை அதோடு விட்டுவிட்டாள். செம்பூர் ஸ்டேஷன் படிக்கட்டில் அறுந்த செருப்பு வாரை ஊக்கால் மாட்டிக்கொண்டு நடப்பவளுக்குச் சண்டை போடவும் தெம்பு வேண்டும். ஜூன் மாதம் பிறந்து பத்து நாளாகியும் மழை வரவில்லை. வானம் ஈரத் துணிபோலத் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டு, பிழிந்துவிட ஆளில்லாமல் கிடந்தது.

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. கோட்டைப் பகுதியில் ஒரு வக்கீல் கம்பெனியில் பதினோரு வருஷம் ஸ்டெனோவாக இருந்தவள். ஊரார் ரகசியங்களைச் சுருக்கெழுத்தில் எடுத்து டைப் அடித்துக் கொடுத்தே அலுத்துப்போய், ஒருநாள் வேலையை உதறிவிட்டு, மாதுங்காவில் காப்பிப்பொடிக் கடைக்கு மேலே 'தனியார் விசாரணை' என்று பலகை மாட்டினாள். முதல் மாதம் படியேறி வந்தவர்களில் பாதிப் பேர், கீழே கடை எப்போது திறப்பார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அய்யாத்துரை தாராவிக்காரன். ஒன்பது வருஷம் டாக்ஸி ஓட்டிவிட்டு முதலாளியோடு சண்டை போட்டு வெளியே வந்தவன். இப்போது அவளிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு தொந்தரவு செய்கிறான்.

இந்தக் கேஸ் திங்கட்கிழமை வந்தது. தாராவியிலிருந்து பேராச்சி என்ற பெண் படியேறி வந்து, நின்றபடியே சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, சுனாபட்டி ரோட்டில் ஒரு நீல நிற ஜாகுவார் கார், சைக்கிளில் வந்த பால்காரரை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிற்று. அந்த மனிதருக்கு இரண்டு காலும் முறிந்தன. ரயில்வே கேட்காரர் ஒருவர் கார் நம்பரைக் குறித்துக்கொண்டார். செம்பூரில் துறைமுகச் சரக்கு எடுத்துக் கொடுக்கும் பெரிய கிளியரிங் ஏஜென்டான வேங்கடசுப்ரமணியனின் கார் அது. அன்று இரவே அவருடைய டிரைவர் பூதத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், "நான்தான் ஓட்டினேன்" என்று ஒப்புக்கொண்டான். தான் பின் சீட்டில் இருந்ததாக முதலாளியும் வாக்குமூலம் கொடுத்தார்.

பூதத்தான் பேராச்சியின் புருஷன். ஆறு மணிக்கு அவன் குடத்தோடு குழாயடி வரிசையில் நின்றான் என்று அவள் சத்தியம் செய்தாள். ஜாமீனில் வீட்டுக்கு வந்தவன் அவளிடம் வாயே திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் குர்லா கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போகிறான்.

இன்று வியாழக்கிழமை.

மூன்று நாளில் அபயாம்பாளுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. கேட்காரர் நம்பரைப் பார்த்தார், ஓட்டியவன் முகத்தைப் பார்க்கவில்லை. பால்காரர் நீலமாக எதுவோ பாய்ந்து வந்ததை மட்டும் பார்த்தார். தாராவிக் குழாயடியில், "சனிக்கிழமையா? அன்னைக்குத் தண்ணியே வரலையே" என்று பத்துப் பேர் ஒரே குரலில் சொன்னார்கள். தண்ணீர் வராத குழாய்க்கு முன்னால் ஒருவன் வரிசையில் நின்றான் என்று எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

இன்று காலைப் பேப்பரில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. *இரண்டு ஜாகுவார் கார்களில் ஏதேனும் ஒன்று விற்பனைக்கு. பழைய மாடல் அல்லது புது மாடல். தேர்வு வாங்குபவருடையது.* கீழே செம்பூர் விலாசம்.

"இடிச்ச வண்டியைத் தலைமுழுகப் பாக்கறார்" என்று அவள் தீர்மானமாகச் சொன்னாள். "புது மாடலைத்தான் நம்ம தலையிலே கட்டப் பாப்பார். பாரேன்."

*

வேங்கடசுப்ரமணியன் அவளுக்கு நாற்காலி போட்டுவிட்டு, அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவே இல்லை. பேச்செல்லாம் அய்யாத்துரையிடம்.

"நைரோபியிலேர்ந்து வர தம்பிக்கு வண்டின்னு சொன்னா. ரொம்ப சந்தோஷம். தம்பிக்கு வேகம் பிடிக்குமோ?"

"தம்பி என்னோட தம்பி" என்றாள் அபயாம்பாள், இல்லாத தம்பியை விட்டுக்கொடுக்காமல்.

"அப்படியா" என்று அய்யாத்துரையைப் பார்த்துச் சொன்னார் அவர். "வாங்கோ, ஷெட்டுக்குப் போலாம்."

ஷெட்டில் இரண்டு கார்களும் அண்ணன் தம்பிபோல நின்றன. இரண்டும் ஒரே கருநீலம். இரண்டுக்கும் மூக்கில் பாயும் வெள்ளிச் சிறுத்தை. ஐம்பத்தெட்டாம் வருஷத்து மூத்தது கொஞ்சம் கனத்த உடம்பு. ஜன்னல்களுக்கு நடுவே தடித்த தூண்கள். பின் சக்கரங்கள் தகடுக்குள் பாதி மறைந்திருந்தன. அறுபத்தொன்றாம் வருஷத்து இளையதில் தூண்கள் மெலிந்து, கண்ணாடிகள் அகலமாகி, உள்ளே வெளிச்சம் வெள்ளமாக நின்றது. மூத்தது முக்காடு போட்டுக்கொண்டு தெருவைப் பார்ப்பதுபோலவும், இளையது முகத்தைத் திறந்துகொண்டு நிற்பதுபோலவும் அபயாம்பாளுக்குப் பட்டது. அதையும் சுருக்கெழுத்தில் நோட்டில் கீறிக்கொண்டாள். யார் எதைச் சொன்னாலும், எதைக் கண்டாலும் அவள் கை தானாக எழுதும். பதினோரு வருஷ வியாதி.

"பழசை எடுத்துக்கோங்கோ" என்றார் வேங்கடசுப்ரமணியன். "தகடு இரும்பு மாதிரி. புதுசு கண்ணாடிப் பாத்திரம். உங்களுக்குச் சரிப்படாது."

அபயாம்பாளின் பேனா நின்றது.

"புதுசுக்கு நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் உண்டுல்லா, சார்?" என்றான் அய்யாத்துரை.

"உண்டு, உண்டு. ஆனா அந்த சுகம் இந்தப் பழசிலேதான். பழசை எடுத்துக்கோங்கோ."

வீட்டு வாசலிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அந்தப் புது வண்டியைக் குடுத்துத் தொலைங்கோன்னு எத்தனை தடவை சொல்லணும்? ஒரு மனுஷன் ரத்தம் பட்ட வண்டி. அது இந்த ஆத்திலே இருக்கப்படாது."

"உள்ளே போ, அம்மிணி. நேக்குத் தெரியும்."

கணவனுக்குப் புதுசின் மேல் ஆசை. மனைவிக்கு அதன் மேல் பயம். அதனால்தான் 'ஏதேனும் ஒன்று'. அபயாம்பாளின் அருமையான தீர்மானம் வீட்டுச் சண்டையில் வந்து முட்டி நின்றது. வண்டியை ஒளிக்க நினைக்கிறவன் அதைத் தன் ஷெட்டிலேயே வைத்துக்கொள்ள மன்றாடுவானா?

அய்யாத்துரை பழைய காரின் கதவைத் திறந்து தலையை நீட்டினான். "மிஸ், இங்க பாருங்க. பித்தளைய எல்லாம் எவனோ சொந்தப் பிள்ளையக் குளிப்பாட்டுத மாதிரி தொடைச்சிருக்கான். டாஷ்போர்டு நடுப் பலகையில சந்தனம், குங்குமம். இன்னும் ஈரம் காயல. புது வண்டி எடுக்குறவன் வைக்குத பொட்டுல்லா இது?"

"டிரைவர் பண்ணின கூத்து" என்றார் வேங்கடசுப்ரமணியன் எரிச்சலாக. "ஜாமீன்லே வந்தவன் இன்னிக்குக் காலம்பற வந்து தொடைச்சுட்டுப் போயிருக்கான்."

உள்ளே டெலிபோன் மணி அடித்தது. துறைமுகத்தில் ஏதோ சரக்கு மாட்டிக்கொண்டதாம். "மாஹுல் ரோடு திருப்பம் வரைக்கும் போயிட்டு வாங்கோ. ரெண்டு வண்டியிலேயும் போய்ப் பாருங்கோ. உன் லைசென்ஸை இங்கே வெச்சுட்டுப் போ" என்று அய்யாத்துரையிடம் கை நீட்டினார்.

"லைசென்ஸ் இல்லாம ஓட்டுனா போலீஸ் புடிக்குமே, சார்?"

"லைசென்ஸோட வண்டியைத் தூக்கிண்டு ஓடினா நான்னா பிடிக்கணும்."

*

அபயாம்பாளைப் பின் சீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். பெண் என்றால் பின் சீட்.

பழைய கார் கிளம்பியதும் அவள் கண் நேராக நடுப் பலகைக்குப் போயிற்று. முன் சீட்டுகள் இரண்டுக்கும் மத்தியில், குங்குமப் பொட்டுக்குப் பக்கத்தில், தட்டுப்போல ஒரு பெரிய வட்டம். அதில் வெள்ளை முள் ஏறிக்கொண்டே இருந்தது.

"நாற்பது போறே."

"ரோடு காலியா கெடக்கு, மாமி."

"ஐம்பது! அய்யாத்துரை, ஐம்பத்தஞ்சு! பிரேக்கைப் போடு!"

"இது ஜாகுவாரு, மிஸ். கட்ட வண்டி இல்ல. இதுக்கு அம்பத்தஞ்சுன்னா தூங்கி எந்திரிக்குத நேரம்."

"நான் எந்திரிக்காமயே போயிடுவேன். முள்ளைப் பாரு, முள்ளைப் பாரு!"

திரும்பி வந்து புதுக் காரில் ஏறினார்கள். இது வேறு மாதிரி இருந்தது. சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அகலக் கண்ணாடிக்கு வெளியே உப்பளங்கள் தண்ணீரில் கரைவதுபோல நகர்ந்தன. ஒரு நிமிஷம் அபயாம்பாளுக்குத் தான் எங்கோ தூரதேசத்தில், பெயர் தெரியாத ஏரிக்கரையில் போவதாகத் தோன்றியது. பிறகு பால்காரரின் கால்கள் ஞாபகம் வந்தன.

"இப்போ எவ்வளவு போறே?"

"நாப்பது."

அவள் இடப்பக்கம் சாய்ந்தாள். வலப்பக்கம் சாய்ந்தாள். அய்யாத்துரையின் தோளும், காதில் செருகிய பீடியும்தான் தெரிந்தன. நடுப் பலகையில் எண்ணெய்க்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று என்று சின்னச் சின்ன வட்டங்கள்.

"நிஜமா நாற்பதா?"

"உங்கம்மா மேல சத்தியமா."

"ஏன் எங்கம்மா மேலே?"

"எங்கம்மா மேல பொய்ச் சத்தியம் பண்ணக்கூடாதுல்லா."

ஷெட்டில் இறங்கியதும் அவள் புதுக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். முன்விளக்குக் கண்ணாடி புதிதாக மாற்றப்பட்டிருந்தது. அதைப் போலீஸே பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கிறது. சீட்டில் ஒன்றுமில்லை, தரையில் ஒன்றுமில்லை. பூதத்தான் ஓட்டினான் என்று ஊரே ஒப்புக்கொண்ட காரில் அவன் ஓட்டவில்லை என்பதற்கு எதைத் தேடுவது? இல்லாத ஒருவன் என்ன தடயத்தை விட்டுவிட்டுப் போவான்?

வேங்கடசுப்ரமணியன் வெளியே வந்து லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். "என்ன தீர்மானம் பண்ணினேள்? நான் சொல்றேன், பழசை எடுத்துக்கோங்கோ. நாளைக்கு மத்தியானமே பேப்பரை மாத்திடலாம்."

"யோசிக்கணும்" என்றாள் அபயாம்பாள்.

"அவா என்ன சொல்றா?" என்று அவர் அய்யாத்துரையிடம் கேட்டார்.

*

குர்லா ஸ்டேஷனுக்கு எதிரே இரானிக் கடையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. பேனா கசிந்து அபயாம்பாளின் இரண்டு விரல்களும் நீலமாகிவிட்டன. அந்தக் கார்களின் நீலம். அதைப் பார்க்கவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"முடிஞ்சது. நாளைக்குப் பதினோரு மணிக்கு அவன் ஆமாம்னு சொல்லுவான். பேராச்சிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அய்யாத்துரை பன்னை டீயில் முக்கினான். "எனக்குன்னா புதுசுதான், மாமி."

"என்னது?"

"வண்டியச் சொல்லுதேன். பழசு நல்ல வண்டிதான். ஆனா வேகமாப் போனா அது நம்மகிட்ட சொல்லிரும். ஆடும், உறுமும். புதுசு இருக்கு பாருங்க, அறுபத்தஞ்சுல போவுது, நீங்க உப்பளத்தப் பாத்து கனாக் கண்டுக்கிட்டு வாறீய. பழசுல அம்பத்தஞ்சுக்கே ஊரக் கூட்டுனீய."

"அறுபத்தஞ்சா? நாற்பதுன்னு சத்தியம் பண்ணினியே!"

"அதான் உங்கம்மா மேலன்னு சொன்னேம்லா."

அபயாம்பாள் அவனைத் திட்ட வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மெதுவாக நோட்டை எடுத்துக் காலையில் எழுதிய பக்கங்களைப் புரட்டினாள். பழைய கார் பக்கத்தில் நாற்பது, ஐம்பது, ஐம்பத்தைந்து என்று எண்கள் ஏணிபோல ஏறியிருந்தன. புதுக் கார் பக்கத்தில் அவள் கண்ணால் கண்ட எண் ஒன்றுகூட இல்லை. 'எவ்வளவு?', 'நிஜமா?' என்று அவள் கேள்விகளும், அய்யாத்துரை வாயால் சொன்ன ஒரு 'நாப்ப'தும் மட்டும்.

பதினோரு வருஷம் காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் எழுதியவள். காணாததைக் கண்டதாக அவள் கை எழுதாது.

அவசரமாகத் திங்கட்கிழமைப் பக்கத்துக்குப் போனாள். வக்கீல் குமாஸ்தா ஒருவரைப் படிக்கச் சொல்லி அவள் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்ட, வேங்கடசுப்ரமணியனின் போலீஸ் வாக்குமூலம் அது. தாழ்ந்த குரலில் படித்தாள்.

"'நான் பின் சீட்டில் அமர்ந்திருந்தேன். வண்டியின் முள் அறுபதில் நிற்பதைக் கண்டு, மெதுவாகப் போ என்று டிரைவரை இருமுறை எச்சரித்தேன். அவன் கேட்கவில்லை.'"

அய்யாத்துரையின் பன் டீக்குள் விழுந்தது. "எந்த வண்டி?"

"புது வண்டி. கேட்காரர் குறிச்ச நம்பர் அதுதான்."

"புது வண்டியில முள்ளு ஓட்டுதவன் மூஞ்சிக்கு நேரால்லா இருக்கு? ஸ்டீரிங்குக்குப் பின்னால. பின் சீட்டுல இருக்கவனுக்கு என் காதுதான் தெரியும்."

"உன் பீடியும் தெரியும்." அவள் டீயைத் தள்ளி வைத்தாள். "அய்யாத்துரை, பழைய வண்டியிலே முள் நடுவிலே இருக்கு. இத்தனை வருஷமா அவர் பின் சீட்டிலே உட்கார்ந்துண்டு, அந்த முள்ளைப் பாத்துப் பாத்து டிரைவரைத் திட்டியிருக்கார். பொய் சொல்ல வேண்டி வந்தப்போ அந்தப் பழக்கத்தை எடுத்து அப்படியே சொல்லிட்டார். ஆனா அறுபதுங்கறதை அவர் பாத்திருக்கார். இல்லேன்னா அறுபதுன்னு அத்தனை திட்டமா எப்படி வரும்? புது வண்டியிலே அதைப் பாக்கணும்னா ஒரே ஒரு சீட்டுதான் உண்டு."

"ஸ்டீரிங்கப் புடிச்ச சீட்டு" என்றான் அய்யாத்துரை. பிறகு, "நான் பொய் சொன்னதாலதான இது தெரிஞ்சது, மாமி? சம்பளத்துல பாத்துச் செய்யுங்க" என்றான்.

இந்த ஒரு தடவை மாமி என்றதை அவள் கவனிக்கவே இல்லை. எழுந்து நின்றுவிட்டாள். பூதத்தான் நாளை வாயைத் திறந்து 'நான் ஓட்டவில்லை' என்று சொல்ல வேண்டும். மிச்சத்தை முள் பார்த்துக்கொள்ளும்.

*

தாராவியில் தோல் காயும் நெடிக்கும் குயவர்களின் சூளைப் புகைக்கும் நடுவே இருந்தது அந்த வீடு. பூதத்தான் வாசலில் உட்கார்ந்து நாளைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். எலும்பும் தோலுமான ஆள். பேராச்சி அடுப்பங்கரையில் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தாள். பேசாமல் இருப்பவனின் மனைவிக்குப் பாத்திரம்தான் வாய்.

அபயாம்பாள் முள் விஷயத்தைச் சொல்லி முடித்தாள். பூதத்தான் தலை நிமிராமல் சிரித்தான்.

"ஆமாம்மா. பழசுல பின்னால இருந்துக்கிட்டு முள்ளப் பாத்துதான் ஐயா ஏசுவாவ. 'நாப்பத்தஞ்சு போறேடா'ம்பாவ. அந்த நெனப்புல சொல்லிட்டாவ போல."

"அப்போ நீ ஓட்டலே."

ஊசி நின்றது.

"நாளைக்குக் கோர்ட்டிலே அதைச் சொல்லு. சொல்லிட்டா நீ வீட்டுக்கு வந்துடலாம்."

"மூணு மாசம்தான்மா. வக்கீல் சொல்லிட்டாவ."

"என்னத்துக்கு மூணு மாசம்?" உள்ளேயிருந்து பேராச்சி வெடித்தாள். "சொல்லும், வேய்! இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்காவ. ஊமக் கோட்டானாட்டம் இருந்தா எப்படி?"

பூதத்தான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பழைய வண்டிய எனக்குத் தாரேன்னு சொல்லிருக்காவ. மூணு மாசம் கழிச்சு வந்ததும் என் பேருக்கு எழுதித் தந்துருவாவ. ஆறு வருஷமா நான் தொடைக்குத வண்டி. கல்யாண ஊர்கோலத்துக்கு விடலாம். மாதுங்காவுல முகூர்த்த நாளு ஒண்ணுக்கு எத்தன கல்யாணம்!"

"எனக்குக் கார் வேணும்னு நான் கேட்டனா?" என்றாள் பேராச்சி. "மூணு மாசம் நான் பெட்ரோலக் குடிச்சுக்கிட்டா இருக்க?"

அபயாம்பாளுக்குக் குங்குமப் பொட்டு ஞாபகம் வந்தது. ஈரம் காயாத சந்தனம். அய்யாத்துரை அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் இன்று முதல்முறையாக விளையாட்டு இல்லை.

"தண்டனை ஆச்சுன்னா உன் லைசென்ஸ் போயிடும், பூதத்தான்."

"திரும்பக் கெடைச்சிரும்னு சொன்னாவ."

"யார் சொன்னா? அதே வக்கீலா?" அவள் நோட்டைத் திறந்தாள். நீலம் படிந்த விரலை வரிகளின்மேல் ஓட்டினாள். "இன்னிக்குக் காலையிலே உன் ஐயா என்கிட்டே அந்த வண்டியைத்தான் விக்கப் பாத்தார். 'பழசை எடுத்துக்கோங்கோ.' மூணு தடவை. மூணும் இதோ இருக்கு. நாளைக்கு மத்தியானமே பேப்பர் மாத்தித் தரேன்னார். நீ பதினோரு மணிக்கு உள்ளே போவே. வண்டி மத்தியானம் வெளியே போயிடும்."

பேராச்சியின் பாத்திரச் சத்தம் நின்றது.

பூதத்தான் அந்த நோட்டை எட்டிப் பார்த்தான். கோடும் சுழியுமாக, எவருக்கும் புரியாத எழுத்து. தைத்து முடித்த பொத்தானைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான்.

"ரெண்டுல ஒண்ண விக்கணும்னு ஐயா வீட்டம்மா சொல்லுதாவ. அதான் பேப்பர்ல போட்டிருக்காவ. எதுன்னு வாங்குதவுக சொல்லுததுதான?" என்றான் மெல்ல. ஏதோ வழி கண்டுபிடித்தவன்போல அவன் முகம் நிமிர்ந்தது. சட்டையை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினான்.

"அம்மா, வண்டி வாங்குதவுகளாத்தான நீங்க அங்க போனீக? ஐயா கேட்டா, புதுசுதான் வேணும்னு சொல்லிருங்கம்மா. பழச மட்டும் எனக்கு விட்டுருங்க. மூணே மாசம்."